வடிநில மாசு மாதிரியாக்கம்

ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ விரிகுடாவுக்கோ மழைநீரைக் கொண்டுசேர்க்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் வடிநிலம் எனப்படும். அந்நிலத்தில் பெய்யும் மழை, வயல்களிலிருந்து உரத்தையும் எருவையும் மண்ணையும், நகரத் தெருக்களிலிருந்து எண்ணெயையும் உலோகத் துகள்களையும் எவ்வளவு அடித்துச்செல்லும் என்பதைச் சமன்பாடுகளால் மதிப்பிடுவதே வடிநில மாசு மாதிரியாக்கம். ஆலைக் கழிவைக் குழாய் வாயிலிலேயே அளந்துவிடலாம். நிலமெங்கும் சிதறிக் கிடக்கும் மாசுக்கு அத்தகைய வாயில் இல்லாமையால் கணிப்பு இன்றியமையாததாயிற்று.

இத்துறையின் வேர் மாசு ஆய்வில் இல்லை, மண்ணரிப்பு ஆய்வில் இருக்கிறது. 1930-களின் புழுதிப்புயல்களால் வேளாண் நிலம் பாழானதைக் கண்ட அமெரிக்க அரசு 1935-இல் மண் பாதுகாப்புத் துறையை நிறுவியது. அத்துறை 1950-களில் வகுத்த வளைகோட்டு எண் முறை, மண்ணின் வகை, நிலப்பயன்பாடு, முன்னிருந்த ஈரம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நிலத்துக்கும் நூறுக்கு உட்பட்ட ஓர் எண்ணை வழங்குகிறது. எண் உயர உயர மழையில் மிகுந்த பங்கு மண்ணுள் இறங்காமல் வழிந்தோடும். தார்ச்சாலையின் எண் 98. நல்ல காட்டின் எண் அதைவிட மிகக் குறைவு. ஆய்வாளர்களான விஷ்மையரும் ஸ்மித்தும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் திரட்டப்பட்ட சோதனைப் பாத்தித் தரவுகளைக் கொண்டு உருவாக்கிய பொது மண்ணிழப்புச் சமன்பாடு, மழையின் தாக்கம், மண்ணின் அரிபடுதன்மை, சரிவின் நீளம், அதன் செங்குத்து, பயிர்மூடல், காப்பு முறை ஆகிய ஆறு காரணிகளின் பெருக்கலாக ஆண்டு மண்ணிழப்பைத் தருகிறது. பெயர்ந்த மண் முழுவதும் ஆற்றை அடைவதில்லை. இடையில் படிவது எவ்வளவு என்பதை இச்சமன்பாடு சொல்வதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

1966-இல் கிராஃபோர்டும் லின்ஸ்லியும் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு வடிநில மாதிரி, மழை, ஆவியாதல், மண்ணீர், ஆற்றோட்டம் ஆகியவற்றைக் கணினியில் தொடர்ச்சியாக இணைத்தது. 1980-இல் வந்த எச்.எஸ்.பி.எஃப். மாதிரி அதன் வழித்தோன்றல். நகரங்களுக்கென 1971-இல் உருவான எஸ்.டபிள்யூ.எம்.எம். மாதிரி, மழையில்லா நாட்களில் தெருவில் அழுக்கு சேர்வதையும் மழை அதைக் கழுவிச் செல்வதையும் தனித்தனியே கணக்கிடுகிறது. வேளாண் வடிநிலங்களுக்கென 1990-களின் தொடக்கத்தில் ஜெஃப் ஆர்னால்டு உருவாக்கிய ஸ்வாட் மாதிரி, காவிரி உள்ளிட்ட இந்தியப் படுகைகளிலும் பயன்பட்டுள்ளது.

இம்மாதிரிகள் சட்ட வலிமை பெற்றதற்கு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவே தலைசிறந்த சான்று. ஆறு மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் பரவிய ஏறத்தாழ 1,66,000 சதுர கிலோமீட்டர் வடிநிலத்திலிருந்து வந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைப் பெருக்க, அது மட்கும்போது அடிநீரில் ஆக்சிஜன் அற்றுப்போயிற்று. 2010 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மாதிரியின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு நைட்ரஜனுக்கு ஆண்டுக்கு 18.59 கோடி பவுண்டு, பாஸ்பரஸுக்கு 1.25 கோடி பவுண்டு என வரம்பிட்டு மாநிலங்களுக்குப் பகிர்ந்தது. வேளாண் அமைப்புகள் வழக்குத் தொடுத்தும் முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் வரம்பை உறுதிசெய்தது. ஆயினும் விரிகுடாவில் கலக்கும் சஸ்குவகானா ஆற்றின் கொனோவிங்கோ அணை 2025 வரை வண்டலைத் தேக்கிவைக்கும் என்று அக்கணக்கு கொண்டிருந்தது. அணையின் தேக்கத்தில் இடம் அதற்கு முன்பே பெரும்பாலும் நிரம்பிவிட்டமை பின்னர் தெரியவந்தமையால், 2017-இல் நிறைவுற்ற ஆறாம் பதிப்பு மாதிரியில் அது திருத்தப்பட்டது. வரம்பை எட்ட 2025-க்கென வைக்கப்பட்ட நைட்ரஜன் குறைப்பு இலக்கு எட்டப்படவில்லை.