சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

கொற்கைக் கடலில் முத்தெடுக்கத் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்கிறது 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட வணிகர் கையேடு அது. போகிறபோக்கில் சொல்லிச் செல்லும் செய்திதான். ஆனாலும் பாண்டிய நாட்டு முத்து ரோமாபுரிக்குப் போனபோது யாருடைய உயிர் செலவுக் கணக்கில் எழுதப்பட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

பின்னாளில் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இந்தத் தொழிலில் பேர்போனவர்கள் ஆனார்கள். கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரலில் 'சலாபம்' என்னும் முத்துக்குளிப்பு கூடும். தோணியிலிருந்து தொங்கும் கனத்த கல்லில் ஒரு காலை வைத்து, விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியாள் இறங்குவார். எட்டு, பத்துப் பாகம் ஆழத்தில் 'பார்' என்னும் சிப்பிப் படுகை. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளிப் போட்டுக் கயிற்றைச் சுண்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுக்காவிட்டால் கதை முடிந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்காள் தங்கையின் தாலி அந்த நுனியில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும் அல்லவா!

சுறாவுக்கு வேறு ஏற்பாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அதை விரிவாக எழுதியிருக்கிறார். பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு. அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. அதாவது ராஜாவின் வரும்படியில் பாதி மந்திரவாதிக்கு! பகலில் கட்டிய கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இருட்டில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதே. பகலில் எதிரியாக இருந்த சுறா, பொழுது சாய்ந்ததும் காவல்காரன்.

பிரிட்டிஷார் காலத்திலும் 'கடல்கட்டி' இருந்தார். பரம்பரைப் பதவி. அரசே கூலி கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று இலங்கையில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் கரையில் இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் கால்வைக்க மாட்டார்கள். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு வரும்போது, மனிதனின் பயத்தைப் போக்க ஆகும் செலவு சில்லறைதான். அதைப் பரிவு என்று சொல்ல மனம் வரவில்லை. சுறாவால் விபத்து அபூர்வம் என்றும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. படகுகளின் இரைச்சலே அவற்றை விரட்டியிருக்கலாம்.

சிப்பிக்காகக் கயிறு பிடிக்க யாரும் இல்லை. கரையில் குவித்து, ஈ மொய்த்து, புழு வைத்து, சதை அழுகும்வரை போட்டுவைப்பார்கள். பிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கியது. ஒரு சிப்பியை அறுத்து எடுத்த மென்தசைத் துண்டை, முத்துக்குக் கருவாகும் மணியோடு சேர்த்து இன்னொன்றின் உடலுக்குள் வைக்கிறார்கள். அறுவைக்கு முன் சிப்பியை மெந்தால் கலந்த கடல்நீரில் போட்டு மயக்குவதுண்டு. வலிக்குமே என்பதற்காக அல்ல. மயங்கினால்தான் தசை தளர்ந்து ஓடு திறக்கும். சிப்பிக்கு மூளை கிடையாது, நரம்பு முடிச்சுகள்தான் உண்டு. அதற்கு வலி தெரியுமா என்ற கேள்வி சலாபக் கணக்குகளில் எங்கும் இடம்பெறவில்லை.

முத்து போனபின் சங்கு மிஞ்சியது. தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளிகள் இப்போது கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு நிமிடமாக இருந்தது நெடுநேரமாகிவிட்டது. ஆழத்தில் அதிகம் தங்கிவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், காலை முடக்கும், உயிரையும் எடுக்கும். இடையிடையே நின்று நிதானமாக ஏறினால் தப்பலாம். ஆனால் எடுத்த சங்குக்குத்தான் காசு, நின்ற நேரத்துக்கு இல்லை.