கராஜில் ஒரு எஸ்ஏ-200, ஊரில் ஒரு கிணறு

போன மாதம் ஊருக்குப் போன் பேசியபோது சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அமெரிக்காவுல கரென்ட்டே போவாதுன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இஞ்சின் வெச்ச வெல்டிங் மிஷினை வாங்கிப் போட்டிருக்க?"

நியாயமான கேள்விதான். தங்கமணி இதையே வேறு தொனியில் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார் :-) ஆனால் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. நூறு வருடத்துக் கதை. நடுவில் எங்கள் காணிப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளும் வருகின்றன. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் மெஷின். க்ளீவ்லாண்டில் இருக்கும் லிங்கன் எலக்ட்ரிக் கம்பெனி செய்த எஸ்ஏ-200. ஒரு பக்கம் கான்டினென்டல் எஃப்-162 என்கிற நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். 162 என்பது கன அங்குலக் கணக்கு, நம் கணக்கில் ஏறத்தாழ 2.65 லிட்டர். மறுபக்கம் 200 ஆம்பியர் டிசி ஜெனரேட்டர். இரண்டும் ஒரே ஷாஃப்டில். எடை அரை டன்னைத் தொடும். ஓய்வுபெற்ற பைப்லைன் வெல்டர் ஒருவரின் கொட்டகையில் பல வருடம் கிடந்ததை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இந்த மாடலுக்கு இங்கே பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. கன்ட்ரோல் பேனலின் நிறத்தை வைத்துச் 'சிவப்பு முகம்', 'கறுப்பு முகம்' என்று சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்மூரில் புல்லட் வண்டிக்காரர்கள் வருஷ மாடல் பேசுவார்களே, அந்த மாதிரி.

இஞ்சின் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள வெல்டிங் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1880களில் ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸ் என்பவர் கார்பன் குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே மின்வில்லை உண்டாக்கி இரும்பை ஒட்டினார். 1888-இல் ஸ்லாவ்யானோவ் கார்பனுக்குப் பதில் உலோகக் குச்சியையே வைத்து, அதுவே உருகி இடைவெளியை நிரப்பும்படி செய்தார். ஆனால் திறந்தவெளியில் உருகிய இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு உடையக்கூடிய பலகாரமாகிவிடும். சுவீடனில் 1904-இல் ஈசாப் கம்பெனியைத் தொடங்கிய ஷெல்பெர்க் என்ற மனிதர்தான் குச்சிக்கு மேல் பூச்சு பூசி இதற்கு வழி கண்டார். இன்று எந்தப் பட்டறையிலும் 'ராடு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அந்த வம்சம்தான்.

அந்தக் காலத்து வெல்டிங்குக்கு டிசி கரென்ட் வேண்டும். இப்போது ஏசியை டிசியாக்க விரல் நகம் அளவு டயோடு போதும். அன்றைக்கு அது கிடையாது. டிசி வேண்டுமென்றால் ஜெனரேட்டரைச் சுற்றித்தான் ஆக வேண்டும். ஃபாக்டரிக்குள் மோட்டார் வைத்துச் சுற்றலாம். 1895-இல் வெறும் 200 டாலர் முதலில் மோட்டார் செய்ய ஆரம்பித்த லிங்கன் கம்பெனி, 1911-இல் ஒரே ஆள் நகர்த்திப் பயன்படுத்தக்கூடிய, வோல்டேஜ் மாற்றத்தக்க வெல்டிங் செட்டைக் கொண்டுவந்தது. ஃபாக்டரிக்கு வெளியே, கம்பி போகாத இடத்தில் என்ன செய்வது? மோட்டாரைக் கழற்றிவிட்டு இஞ்சினைப் பூட்டு. அவ்வளவுதான் சித்தப்பா, இதுதான் சுருக்கமான பதில்.

கம்பி போகாத இடம் என்றால் முக்கியமாக எண்ணெய்க் குழாய் போட்ட இடங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கடற்கரையில் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்ததும், டெக்சாஸின் லாங்வியூவிலிருந்து கிழக்குக் கரைக்கு நிலத்தின் வழியே 24 அங்குலக் குழாய் போட்டார்கள். 'பிக் இஞ்ச்' என்று பெயர். 1942 ஆகஸ்டில் வேலை தொடங்கி, 1943 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் எண்ணெய் வந்து சேர்ந்துவிட்டது. தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டர். நாற்பது அடிக்கு ஒரு குழாய் என்று தோராயமாகக் கணக்குப் போட்டாலே ஒன்றரை லட்சம் ஜாயின்டுக்கு மேல் வரும். அத்தனையையும் காட்டிலும் மேட்டிலும் ஆற்றங்கரையிலும் குனிந்தும் படுத்தும் மனிதர்கள் ஒட்டினார்கள்.

போர் முடிந்த கையோடு அதே தொழில் பாலைவனத்துக்குப் போனது. சவூதி எண்ணெயை லெபனானின் சிதோன் துறைமுகத்துக்குக் கொண்டுபோன டாப்லைன் குழாய் 1947-இல் தொடங்கி 1950-இல் முடிந்தது, 1,200 கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவில் அசாமின் நாஹர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரோனி வரை 1,157 கிலோமீட்டர் குழாய் 1960களின் தொடக்கத்தில் வந்தது.

1973-க்குப் பிறகு கல்ஃபில் எண்ணெய்ப் பணம் கொட்டியபோது நம் ஆட்கள் கிளம்பினார்கள். திருச்சியில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய பெல் பாய்லர் தொழிற்சாலையும் அதைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளும் வெல்டர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தன. 1975-இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து நிறுத்திய குழாயை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஒட்டிக் காட்டும் '6ஜி' டெஸ்டில் பாஸானால் விசா என்று ஊர் ஊராகப் பேச்சு. திருச்சி, வேலூர், சித்தூர், கடப்பா என்று எத்தனை வீடுகளின் மாடி அந்த ஒரு டெஸ்டில் எழும்பியது! படிப்பு விசாவில் வந்த என்னைப் போன்றவர்களின் கதை நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இவர்கள் கதை ஓரமாகத்தான் நிற்கிறது. நம் குடும்பங்களில் தேடினால் ஒரு மாமாவோ பெரியப்பாவோ கட்டாயம் இருப்பார்.

சரி, காணிப்பாக்கம்.

தல புராணம் தெரியாதவர்களுக்கு: பார்வையில்லாத, பேச்சு வராத, காது கேட்காத மூன்று சகோதரர்கள். ஏற்றம் இறைத்து விவசாயம். தண்ணீர் வற்றியதால் கிணற்றை ஆழப்படுத்த இறங்கினார்கள். கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பீறிட்டது, மூவரின் குறையும் நீங்கியது, பிள்ளையார் கிணற்றிலிருந்து வெளிப்பட்டார். ஊரார் உடைத்த தேங்காய்த் தண்ணீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் ஊருக்கு இந்தப் பெயர். கோயிலை எழுப்பியவர் என்று முதலாம் குலோத்துங்கன் பெயரைச் சொல்வார்கள். நான் பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை ஒரு விவசாயக் கதையாகவும் படிப்பேன். கிணறு வற்றுகிறது, இன்னும் கீழே தோண்டு. எங்கள் ஜில்லாவின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிதான்.

1911-இல் சித்தூர் ஜில்லா பிரிவதற்கு முன் நாங்கள் வட ஆற்காடு. கருங்கல் பூமி, மழையை நம்பின ஏரி, மீதிக்குக் கிணறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிண்டி பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் மெட்ராஸ் ராஜதானி முழுக்க 'கவலையை விடு, ஆயில் இஞ்சினைப் பூட்டு' என்று பிரசாரம் செய்தார். (கவலை என்றால் மாடு கட்டி இறைப்பது. இன்னொரு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம்!) பிறகு இங்கிலாந்து லிஸ்டர், அப்புறம் நம்மூர் கிர்லோஸ்கர், கூப்பர், ராஜ்கோட்டில் லிஸ்டர் மாதிரியிலேயே வார்த்த எத்தனையோ இஞ்சின்கள். நிமிடத்துக்கு 650 சுற்று. ஒவ்வொரு 'டக்'கையும் தனித்தனியாக எண்ணலாம் போல இருக்கும். மார்கழியில் அதே இஞ்சினைக் கரும்பு ஆலைக்கு மாற்றிப் பெல்ட் போடுவார்கள். சித்தூர் வெல்லத்தில் அதற்கும் பங்கு உண்டு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பம்பு தண்ணீரை 'உறிஞ்சுவது' என்பது உண்மையில் காற்றழுத்தம் மேலே தள்ளுவது. கணக்குப்படி பத்து மீட்டர்தான் எல்லை, நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். அதனால் தண்ணீர் இறங்க இறங்க இஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பக்கச் சுவரில் மேடை வெட்டி, அதில் அரை டன் இரும்பைக் கயிறு கட்டி இறக்கி, அதன் புகை கிணற்றுக்குள்ளேயே சுற்றும். இரண்டாவது முறை தண்ணீர் இறங்கினால் இன்னொரு மேடை. பழைய கிணறுகளில் எட்டிப் பார்த்தால் படிக்கட்டு போல மேடைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்து நீர்மட்டம். கடைசியில் போர்வெல்லும் சப்மெர்சிபிளும் வந்ததும் இஞ்சின் காயலான் கடைக்குப் போனது. இஞ்சின் கெட்டுப்போகவில்லை, தண்ணீர்தான் அதைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

அந்த இஞ்சின்கள் அவ்வளவு நாள் ஓடியதற்குக் காரணம் அந்தந்த ஊர்ப் பட்டறைகள். கரென்ட் வராத இடத்தில் கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டு அசிட்டிலின் எடுத்து கேஸ் வெல்டிங். விரிசல் விட்ட வார்ப்பிரும்பைக் கரி அடுப்பில் சூடேற்றி, பித்தளை ஊற்றி ஒட்டி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவார்கள். பாதி வார்த்தை தமிழ், பாதி தெலுங்கு, மீதி இங்கிலீஷ்.

இந்தச் சாம்பல் வித்தைதான் என் மெஷினுக்கும் தேவைப்பட்டது என்றால் நம்புவீர்களா? ஒக்லஹோமா குளிரில் யாரோ தண்ணீரை வடிக்காமல் விட்டு, பிளாக்குக்குள் அது உறைந்து விரிந்து, வெளிச்சுவரில் ஒரு சாண் நீள விரிசல். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். சூடான இடம் வேகமாக ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். முழு பிளாக்கையும் சூடேற்ற வசதியில்லாததால், விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரையிட்டு, ஒன்றை ஒன்று கவ்வும் திருகாணிகளை இறக்கித் 'தைக்கிற' முறையைத் தேர்ந்தெடுத்தேன். முப்பதுக்கு மேல் திருகாணி, நான்கு சனிக்கிழமை. வெல்டிங் மெஷினை வெல்டிங் இல்லாமல் ரிப்பேர் செய்த பெருமை எனக்கு.

ஜெனரேட்டர் பக்கம் எலிக்கூடும் குளவிக்கூடும். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ஹாக்ஸா பிளேடு துண்டால் கீறிப் பள்ளமாக்கி, புது கார்பன் பிரஷ்களை வளைவுக்குத் தேய்த்து உட்கார வைத்தேன். இஞ்சின் ஓடியது. கரென்ட் வரவில்லை. இந்த ஜெனரேட்டருக்கு உயிர் கொடுப்பது பின்னால் இருக்கும் எக்ஸைட்டர் என்கிற குட்டி ஜெனரேட்டர். அதற்கு உயிர் கொடுப்பது இரும்பில் மிச்சமிருக்கும் துளி காந்தம். பல வருடம் சும்மா கிடந்ததில் அந்தத் துளியும் போய்விட்டது. 12 வோல்ட் பேட்டரியைக் காயிலின் இரண்டு முனையிலும் சரியான திசையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பிவிடும். திரும்பியது. நூறு வாட் குண்டு பல்பு எரிந்ததைப் பார்த்துப் பையன் கைதட்டினான்.

இத்தனை பழசை ஏன் இன்னும் வெல்டர்கள் தேடுகிறார்கள்? குழாய்க்கு அடிக்கிற 6010 ராடின் பூச்சில் செல்லுலோஸ், அதாவது மரக்கூழ், அதிகம். அது எரிந்து வரும் வாயுதான் இரும்பை ஆழமாக ஊடுருவ வைக்கிறது. ஆனால் வில் துள்ளும். கை நடுங்கி இடைவெளி கூடும்போது, சுற்றுகிற கனமான ஆர்மேச்சரும் செம்புச் சுற்றுகளும் கொடுக்கிற கரென்ட் சட்டென்று அறுந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கும். இன்வெர்ட்டர் மெஷின்கள் அதைப் போலச் செய்யப் பழகிவிட்டன, எடையில் பத்தில் ஒரு பங்குதான். எனக்கு இரண்டிலும் அடித்துப் பார்க்க வாய்த்தது. புதியது சுலபம். பழையதில் சத்தத்தை வைத்தே வில்லின் நீளம் தெரிந்துவிடுகிறது.

இனி ஒரே ஒரு தகராறு பாக்கி. இந்த மெஷினின் வலது பக்கக் கதவில் பழைய சொந்தக்காரர் ராடாலேயே எழுதி வைத்திருக்கிறார். உருகின இரும்பு எழுத்துகள். ஒவ்வொரு வரியும் ஒரு மாநிலத்தின் சுருக்கப் பெயர், பக்கத்தில் ஒரு வருடம். பதினோரு வரி. வேலை செய்த குழாய்களின் பட்டியலாக இருக்க வேண்டும். பழைய மெஷின் பிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: கிரைண்டரால் வழித்து, மணல் அடித்து, கம்பெனிச் சிவப்பு பெயின்ட் போடு, விலை இரண்டு மடங்காகும்.

பிக் இஞ்சின் ஒன்றரை லட்சம் ஜாயின்டில் எதை யார் ஒட்டினார் என்று இன்று யாரால் சொல்ல முடியும்? கல்ஃபில் நம் பெரியப்பாக்கள் ஒட்டிய குழாய்கள் மணலுக்கடியில் இருக்கின்றன. கிணற்று மேடையை வெட்டியவர்கள் பெயரும் எங்கும் இல்லை. இங்கே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அதை வழிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று பக்கமும் சிவப்பு அடித்தாகிவிட்டது. அந்தக் கதவுக்கு மட்டும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி விட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு உதிர்கிறது. அடுத்த சனிக்கிழமை ஒரு கை செயினையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்க வேண்டும். பையன் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.