நத்தம் கணவாயும் 18 அடி ஈட்டியும்

திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே படை நடத்த இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அய்யலூர், வடமதுரை வழியாகத் திண்டுக்கல் சமவெளியில் இறங்குவது. மற்றொன்று நத்தம் கணவாயைக் கடப்பது. முதல் வழியைத் திண்டுக்கல் பாறைக்கோட்டை காத்தது. இரண்டாம் வழிக்குக் காடே கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் போர்முறை மாறிய விதம் கோட்டையைவிடக் காட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது.

1755 மே மாதம் கர்னல் ஹெரானின் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை மதுரையிலிருந்து திருச்சிக்குத் திரும்பியது. கோவில்குடிக் கோயிலைச் சூறையாடி, சாமி சிலைகளையும் தூக்கி வந்திருந்தது. கணவாயின் பாதையோ ஒரு வண்டி போகும் அகலம்தான். இருபுறமும் புகமுடியாத காடு. முன்னணி வீரர்கள் தடையில்லாமல் கடந்தார்கள். நடுவழியில் வெடிமருந்து வண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. முன்னே போனவர்கள் நிற்கவில்லை, பின்னே வந்தவர்களால் நகர முடியவில்லை. அப்பகுதியின் கள்ளர் சமூகத்தினரின் தாக்குதல் அந்த அறுந்த இடத்தில் விழுந்தது. வரிசை கட்டிச் சுடப் பழகிய சிப்பாய்க்கு அங்கே வரிசை கட்ட இடமே இல்லை. மூட்டைகளுக்கு நடுவே தங்கள் சாமிகளைக் கண்டதும் கள்ளர்கள் ஆரவாரித்து மீட்டுக்கொண்டதை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். ஹெரான் பின்னர் ராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

கள்ளர்களின் ஈட்டி 18 அடி நீளம் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதினார்கள். மாசிடோனியர் ஏந்திய சரிசாவும் ஏறக்குறைய அதே நீளம். ஆனால் அவர்கள் திறந்த வெளியில் தோளோடு தோள் நின்று, ஐந்து வரிசை ஈட்டிமுனைகளை முன்னே நீட்டினார்கள். நம்மவர்கள் அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு புதருக்குள் ஊர்ந்து வந்தார்கள். ஆயுதம் ஒன்றுபோல இருந்தும் போர்முறை நேரெதிராக அமைந்ததற்கு நிலமே காரணம் என்பேன்.

நிலம் ஒத்துவராதபோது அதையே மாற்ற முயல்வதும் பழைய தந்திரம்தான். கி.மு. 331இல் காகமேலாவில் பாரசீக மன்னன் டேரியஸ் தன் தேர்கள் ஓடுவதற்காகக் களத்தைச் சமப்படுத்தினான். ஆனாலும் அலெக்சாந்தரிடம் தோற்றான். கும்பினியும் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

கோட்டையைப் பொறுத்தவரை, அதைத் தாக்கக் கும்பினியிடம் பீரங்கி இருந்தது. 1790 ஆகஸ்ட் 21இல் திண்டுக்கல் கோட்டையின் மீது கர்னல் ஸ்டூவர்ட் நடத்திய நேரடித் தாக்குதலைத் திப்புவின் வீரர்கள் முறியடித்தார்கள்; ஆனாலும் மறுநாளே கோட்டை பணிந்தது. காடு அப்படிப் பணியவில்லை. 1801இல் சிவகங்கையின் மருது சகோதரர்களைப் பிடிக்க, சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் கர்னல் அக்னியூ மரங்களை வெட்டிப் பாதை போட்டார். வெட்ட வெட்டத் தாக்குதல். வாரக்கணக்கில் முயன்று அந்தப் பாதையைக் கைவிட்டார்.

காளையார்கோயில் விழுந்தது அக்டோபர் 1இல், பல திசைகளிலிருந்து படைகள் நெருங்கிய பிறகுதான். கி.மு. 480இல் தெர்மோபைலே கணவாயைப் பாரசீகர் வென்றதும் எதிர்ப்பக்கம் சுற்றிச்செல்லும் மலைப்பாதை தெரியவந்த பின்புதான். இடுக்கை முகத்துக்கு நேரே மோதித் திறப்பது எந்தக் காலத்திலும் அரிது. நத்தத்தில் கும்பினி பட்ட அடி, காளையார்கோயிலில்தான் முழுப் பாடமானது.

அதே 1801இல், கும்பினியை எதிர்த்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரும் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1ஆம் தேதி வெளியான கும்பினி அறிக்கை பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும், ஈட்டி உட்பட மக்களின் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது.