எந்த நாடு என்று கேளாதவர்கள்

கொல்லிமலைக்கு வரும் அந்நியரைப் பார்த்து முதன்முதலில் சிரித்தவள் கொல்லிப்பாவை. மலையில் தவம் செய்த முனிவர்களைக் காப்பதற்காகச் செய்து நிறுத்திய பதுமை அது என்பது கதை. பகைவரின் வாடை பட்டால் போதும், உதடு விரியுமாம். அந்தச் சிரிப்பில் மயங்கி அருகே போனவன் திரும்பியதில்லையாம். சங்கப் புலவர்கள் இந்தப் பாவையைப் பெண்ணின் அழகுக்கு உவமையாகச் சொன்னார்கள். எனக்கென்னவோ அவளை நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. முன்பின் அறியாதவர்களுக்கு நடுவில் சிரிப்பு என்பது லேசான சரக்கல்ல. அது சிநேகமா, ஏளனமா, பெரும் பகையா என்று முகத்தைப் பார்த்தே பல சமயம் சொல்ல முடிவதில்லை. முகமே தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் மனிதர்கள் சிரிப்பதற்கு முன்னால் விசாரித்துக் கொள்கிறார்கள். கொல்லிமலை 14 நாடுகளாகப் பிரிந்த மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும் வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. இன்றைக்கு இவையெல்லாம் நாமக்கல் மாவட்டத்து ஊராட்சிகளின் பெயர்கள். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற 'நாடு' என்ற சொல் சமவெளியில் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டது; மலையில் அது இன்னும் அரசாங்கக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மலையாளிகள் என்று பெயர் பெற்ற இந்த மலைமக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்த பிறகும், 'எங்கிருந்து வந்தாய்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

மலையில் 'எந்த நாடு?' என்றால் கீழே 'எந்த ஊர்?'. அடுத்தது 'யார் வீட்டுப் பிள்ளை?'. அதற்கும் அடுத்தது 'எந்தத் தெரு?'. இந்த மூன்றாவது கேள்வி தெருவைப் பற்றியதே அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் கிடைத்த பிறகுதான் எதிரே இருப்பவன் எவ்வளவு பேசலாம், எந்தக் குரலில் பேசலாம் என்பது தீர்மானமாகும். உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி நாம் பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனாலும் நிலமும் சொந்த மனையும் சாஸ்திரப் படிப்பும் தகுந்த வயதும் உள்ளவர்களுக்கே அந்தக் குடத்தில் ஓலை. வழிப்போக்கன் ஒருவன் சபை நடுவே எழுந்து, "இந்த ஏரியை ஏன் ஐயா இப்படி வெட்டினீர்கள்?" என்று கேட்டுவிட முடியாது. பிற்காலத்தில் ரயில் பெட்டியும் தேநீர்க் கடைப் பெஞ்சும் வந்து இந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தின. கொஞ்சம்தான். எத்தனையோ தேநீர்க் கடைகளில் குவளையே இரண்டு வகையாக இருந்தது.

'எந்த ஊர்?' என்று கேட்டு முடிப்பதற்குள்ளேயே தமிழர்கள் வாதத்தில் இறங்கிவிட்ட ஒரு காலம் 1990-களில் வந்தது. அவர்கள் சண்டை போட்டதில் முக்கியமான ஒரு விஷயம், தமிழ் எழுத்து. இன்று ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவர் கைபேசியில் தம் நாட்டின் பெயரைத் தமிழில் அடிக்கிறாரென்றால், அந்த எழுத்து அங்கே வந்து சேர்ந்த பாதை, காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைவிட அதிகமாக வளைந்தது.

எழுத்துக்காகச் சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. யந்திரம் வரும்போதெல்லாம் எழுத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா 1930-களில் தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை அமைத்தபோது, 247 எழுத்துக்களைச் சில டஜன் விசைகளில் அடக்க வேண்டியிருந்தது. எழுத்தை உடைத்து, கொம்பைத் தனியாக, காலைத் தனியாக, புள்ளியைத் தனியாக வைத்தார். தட்டினாலும் காகிதம் நகராத விசை ஒன்றில் புள்ளி உட்கார்ந்தது. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் வேறொரு காரியம் செய்தார். துதிக்கை போட்ட லை, ளை, ணை, னை முதலியவற்றை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துக்களைப் போலவே இவற்றுக்கும் இணைக்கொம்பு போட்டு அச்சிட்டார். கேலி செய்தவர்கள் உண்டு, கோபித்தவர்கள் உண்டு. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அவற்றில் 13 எழுத்துக்களை ஏற்று ஆணை போட்டது. 'மலை' என்ற சொல்லே உருவம் மாறிவிட்டது! பழைய புத்தகத்தில் கொல்லிமலைக்குத் துதிக்கை இருக்கும்; புதியதில் இருக்காது. ஆனால் இந்தச் சண்டைகளில் எதிராளி யாரென்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைக்குப் பெயர் உண்டு, கட்சி உண்டு, கொடி உண்டு.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த அடையாளங்கள் கழன்று விழுந்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வெளிநாட்டுத் தமிழர்கள் அதற்கு முன்பே கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழைத் தமிழில் எழுத வழியில்லாததால் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். பெரிய எல் போட்டால் ள, இசட்டையும் எச்சையும் சேர்த்தால் ழ. ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய 'மயிலை' எழுத்துரு, மலேசியாவில் முத்து நெடுமாறன் செய்த 'முரசு', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி செய்த 'கணியன்' எல்லாம் இந்தக் காலத்தவை. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 'பூச்சியைப் படிக்க முடியவில்லை' என்று புகார் போகும். அந்தப் புகாரே அங்கே போய்ப் பூச்சியாக இறங்கும்.

அங்கே ஊர் கேட்கும் வழக்கம் தளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதியவர்களில் பலர் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து சிதறியவர்கள். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்படிப்பட்டவரிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால் என்ன சொல்லுவார்? இருந்த ஊரையா, இழந்த ஊரையா, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊரையா? ஈழத்தைப் பற்றியும் திராவிட இயக்கத்தைப் பற்றியும் அங்கே நடந்த சண்டைகள் சாதாரணமானவை அல்ல. ஒருவருக்கு அது மாலைநேரப் பொழுதுபோக்கு. மற்றவருக்கு அண்ணன் தம்பி செத்த விவகாரம். இருவர் எழுத்தும் திரையில் ஒரே அளவில், ஒரே கறுப்பில்தான் தெரியும்.

இந்த இடத்தில் கொல்லிப்பாவையின் தொல்லை எழும். 1982-இல் அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார், தங்கள் கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகையில் ஒரு மின்தூக்கியைப் பற்றி விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதரசம் கொட்டிவிட்டதாக ஒருவர் வேடிக்கைக்கு எழுத, சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்று நம்பிவிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு மூன்றையும் வரிசையாகப் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம்; வேடிக்கைக்குச் சொன்னது என்று அர்த்தம். ஆயிரம் வருஷத்து நாடகக் கலை கற்ற மனிதகுலம் சிரிப்புக்குச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தது.

எழுத்துச் சண்டைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். அன்றைய ஏற்பாட்டில் இருந்தவை 256 அறைகள். ஆங்கிலத்துக்கு 128 போக, மிச்சத்தில் நம் 247 எழுத்துக்களும் நுழையா. எதை உடைப்பது? 'கொல்லி' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது. வாய் முதலில் ககரத்தைச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கையைப் பின்பற்றுவதா, வாயைப் பின்பற்றுவதா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மாதக்கணக்கில் கடிதங்கள் பறந்தன. கண்டம் விட்டுக் கண்டம் முகம் பாராமல் போட்ட இந்தச் சண்டையிலிருந்துதான் 'திஸ்கி' என்ற அட்டவணை உருவாயிற்று. தமிழ் எண்களுக்குக்கூட அதில் இடம் கொடுத்தார்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவற்றையும் இந்தத் திஸ்கி சுமந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டிய தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற வேறு இரண்டு அட்டவணைகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. ஒரு வீட்டில் மூன்று சமையல்!

மூன்றையும் ஓரங்கட்டியது நான்காவது. யூனிகோடு என்ற உலக அட்டவணை 1991-இலேயே வெளியாகிவிட்டது. அதில் வாக்குரிமை உள்ளவர்கள் பெரும்பாலும் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள். தமிழுக்கு ஒதுக்கிய 128 அறைகளை, இந்திய அரசு 1988-இல் வகுத்த 'இஸ்கி' திட்டத்தைப் பார்த்து நிரப்பினார்கள். நாகரிக்குப் பொருந்தும் சட்டை அது. நம் இலக்கணத்தில் மெய் முதலில், அதன்மேல் அகரம் ஏறினால் உயிர்மெய். இங்கே தலைகீழ்: 'த' முதலில், புள்ளி வைத்தால் மெய். அந்தக் கணக்கில் 'ஆலத்தூர் நாடு' என்ற 7 எழுத்துக்களும் 12 அறைகளைப் பிடிக்கின்றன. ஆய்தத்துக்கு அட்டவணையில் 'விசர்க்கம்' என்று பெயர். வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. துணைப்பெயராக வேண்டுமானால் ஆய்தம் என்று சேர்த்துக்கொள்ளலாம். 2000-இல் வந்த விண்டோஸ், யூனிகோடுத் தமிழையும் 'லதா' என்ற எழுத்துருவையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததும் வாதத்தில் பாதி தீர்ந்தது. கடையில் கிடைக்கிற செருப்புக்குக் காலைப் பழக்கிக்கொள்வதுபோல் நாமும் பழகிக்கொண்டோம். நல்ல செருப்புதானா என்பது வேறு கேள்வி. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றபோது, எழுத்துக்கு ஓர் அறை கொடுக்கும் 'டேஸ்-16' என்ற முறையையும் மாற்றாகச் சேர்த்தது.

அதே ஆண்டு இன்னொரு கலகம். கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கேட்டவர்கள் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துக்களையும் அதில் சேர்க்க முன்மொழிந்தார்கள். நிபுணர்களின் கடிதப் போக்குவரத்தாக இருந்தது வீதிக்கு வந்துவிட்டது. நவம்பரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசுக்கு எழுதி நிறுத்தச் சொன்னார். 2014-இல் கிரந்தம் யூனிகோடில் ஏறியது, அந்த ஐந்து எழுத்துக்கள் இல்லாமல். கணிதம் மாதிரித் தோன்றிய விஷயம் எவ்வளவு தூரம் அரசியல் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஊர் கேட்காத அந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள் பொறியாளர்கள், பேராசிரியர்கள், மாணவர்கள், கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். உத்தரமேரூர்க் குடத்துக்கு நிலம் தகுதி. இதற்குத் தொலைபேசிக் கம்பி. மரவள்ளியும் மிளகும் பயிரிடுகிற மலைநாட்டுக் குடியானவருக்கு அங்கே பாய் விரித்திருக்கவில்லை. பெயரைக் கொண்டே சாதியை மோப்பம் பிடிக்கும் ஆசாமிகளும் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள்.

ஆனாலும் அந்தச் சபைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: திண்ணை, மரத்தடி, ராயர் காப்பி கிளப். உலகத்தின் எந்த மூலையிலோ தனி அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, முகம் தெரியாதவனோடு சிரித்துச் சண்டை போட ஒரு திண்ணையும் மர நிழலும் தேவைப்பட்டன. வலைப்பூ போன்ற புதுச் சொற்கள் அந்த அரட்டையில் முளைத்தவைதாம். இன்றைக்கு நாம் யோசிக்காமல் வழங்குகிறோம்.

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் கல்வெட்டுகள் சோழர் காலத்தவை, இன்றும் படிக்கலாம். மடல் குழுக்களில் பலவற்றுக்கு இடம் கொடுத்திருந்த யாஹூ நிறுவனம், 2019 டிசம்பரில் அங்கே குவிந்திருந்த கடிதங்களை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15 அன்று கடையையே மூடிவிட்டது. யாராவது தம் பெட்டியில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் உண்டு. கொம்பு முன்னா பின்னா என்று நள்ளிரவில் வாதாடியது, விட்டுக்கொடுத்தது, பிறை அடைப்புப் போட்டுச் சிரித்தது எல்லாம் அதோடு போயின. அட்டவணை மட்டும் இருக்கிறது. அதில் ஆய்தத்துக்கு நேரே இன்னமும் விசர்க்கம் என்றுதான் எழுதியிருக்கிறது.