உருவமற்ற கோப்பும் சேமிப்பக வரையறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியிலுள்ள கோப்பு என்பது பைற்றுகளின் நீண்டதொரு தொடர். அதற்கப்பால் அதற்கெனத் தனியுருவம் எதுவுமில்லை என்ற கருத்து இன்று இயல்பானதாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், இக்கருத்து நிலைபெறுவதற்கு முன்னர், கோப்பொன்றை ஆக்க முனைந்தவர் அதன் அமைப்பையும் தட்டில் அது கொள்ளும் இடத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது. இம்மாற்றத்தாற் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பன ஆராயத்தக்கன.

பழைய முறையின் வேர் துளையட்டையிலே உள்ளது. 1928ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 80 நிரல்களைக் கொண்ட அட்டையை அறிமுகஞ் செய்தது. ஓரட்டை ஒரு பதிவு எனும் வழக்கம் காந்தத் தட்டுக்கள் வந்த பின்னரும் மறையவில்லை. 1964 ஏப்பிரல் 7ஆந் திகதி அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 கணனித் தொகுதியின் பணிசெயல் முறைமையில், பதிவு நிலையான நீளமுடையதா, மாறும் நீளமுடையதா, பதிவின் நீளம் யாது, பதிவுகள் பல சேர்ந்த தொகுப்பின் அளவு யாது, தட்டில் எத்தனை தடங்கள் தேவை என்பன கட்டுப்பாட்டு அட்டைகளிற் குறிக்கப்பட்டன. நீளம் வரையறுக்கப்படாத பதிவுக்கென 'யூ' எனும் எழுத்தும் இருந்தது. செய்நிரல்கள் அவ்வகையிற் சேமிக்கப்பட்டன. எனினும் அதற்குந் தொகுப்பின் உச்ச அளவைக் கூறியே ஆகவேண்டும்.

இக்கட்டுப்பாடுகள் வீண் சடங்குகளல்ல. அக்காலத்து 2311 வகைத் தட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 72 இலட்சம் பைற்றுகளே. தடத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் இடையே வெற்றிடம் விடப்பட்டமையால், 80 பைற்றுப் பதிவுகளைத் தனித்தனியே எழுதின் தடத்தின் பெரும்பகுதி விரயமாயிற்று. பலவற்றைத் தொகுத்து எழுதின் இடம் மிஞ்சியது, ஆனால் நினைவகம் கூடுதலாகத் தேவைப்பட்டது. இடத்தைக் குறைத்து மதிப்பிட்டவரின் வேலை நடுவே முறிந்தது. கூட்டி மதிப்பிட்டவர் பிறருக்குரிய இடத்தை முடக்கினார்.

இதற்கு மாற்றான சிந்தனை 1965இல் மல்ற்றிக்ஸ் திட்டத்தில் உருப்பெற்றது. டேலி, நியூமன் ஆகிய இருவரும் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையில், கோப்பமைப்பைப் பொறுத்தவரை கோப்பு உருவமற்றது என்றும், உருவம் அதனைக் கையாளும் செய்நிரலுக்கே உரியது என்றும் வாதிட்டனர். பெல் ஆய்வுகூடம் 1969இல் அத்திட்டத்தினின்று விலகிய பின்னர், அங்கு பணியாற்றிய கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் முறைமையில் இக்கொள்கையை எளிமையாக நிலைநாட்டினர். 1974இல் அவர்கள் விவரித்த அமைப்பில், தட்டு 512 பைற்றுக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் எட்டு முகவரிகள் இருந்தன. சிறிய கோப்பில் அவை நேரே கட்டங்களைச் சுட்டின. பெரிய கோப்பில் ஒவ்வொன்றும் 256 முகவரிகள் கொண்ட கட்டமொன்றைச் சுட்டியது. இதனால் 10,48,576 பைற்றுகள் வரை கோப்பு தானாகவே வளர முடிந்தது. பயனர் எதனையும் முன்னறிவிக்க வேண்டியதில்லை.

எனினும், வரையறைகள் ஒழிந்துவிட்டன எனக் கொள்வது தவறாகும். சிறு கட்டங்கள் தட்டெங்கும் சிதறியமையால் யுனிக்ஸின் வேகம் குன்றியது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மக்கியூசிக் முதலானோர் 1980களின் முற்பகுதியிற் புதிய கோப்பமைப்பொன்றை வகுத்தனர். அங்குள்ள கோப்புக்களைக் கொண்டு அவர்கள் கணித்தபோது, 512 பைற்றுக் கட்டங்களில் 6.9 வீதமாகவிருந்த இடவிரயம் 4096 பைற்றுக் கட்டங்களில் 45.6 வீதமாயிற்று. கட்டத்தைப் பெரிதாக்கி, கோப்பின் எஞ்சிய நுனிக்கு மட்டும் சிறு துண்டுகளை வழங்கி, வேகத்தையும் சிக்கனத்தையும் அவர்கள் ஒருங்கே பெற்றனர். ஆயின் கட்டத்தின் அளவு, துண்டின் அளவு, வெறுமையாக விடவேண்டிய வீதம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு முறைமை நிருவாகியைச் சார்ந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சேமிப்பகத் தெரிவுகள் மறையவில்லை, இடம் பெயர்ந்தன என்பது தெளிவாகும். இடம்பற்றிய தீர்மானம் பயனரிடமிருந்து நிருவாகியிடஞ் சென்றது. உருவம்பற்றிய அறிவு முறைமையிடமிருந்து செய்நிரலிடஞ் சென்றது. முன்னையது பயனருக்கு விடுதலை தந்தது. பின்னையதோ ஓர் ஆபத்தையுங் கொணர்ந்தது. பழைய கோப்பின் பதிவு நீளமேனும் தட்டின் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. உருவமற்ற கோப்பிலோ அதன் பொருளை அறிந்த செய்நிரல் அழியின் எஞ்சுவது வெறும் பைற்றுத் தொடரே. எனவே, ஆவணங்களை நெடுங்காலம் பேண விழைவோர் கோப்பை மட்டுமன்றி, அதனைப் படிக்கும் முறையையும் எழுதிவைத்தல் இன்றியமையாததாகும்.