நடுநிலை வகுப்புக் கணிதச் சொற்கள்: தமிழில் அவை நிலைபெற்ற வரலாறு

தோற்றுவாய்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள கணக்குப் புத்தகங்களில் வரும் அடிப்படைச் சொற்களை ஒருசேரத் தொகுத்து நோக்குவார்க்கு, அவை ஒரே காலத்தில், ஒரே கூட்டத்தாரால், ஒரே கொள்கையைத் தழுவி ஆக்கப்பட்டவை அல்ல என்பது எளிதிற் புலனாகும். கால், அரை, முக்கால், கூட்டல், கழித்தல் என்பன மக்கள் நாவில் தொன்றுதொட்டு வழங்குவன. வர்க்கம், கோணம், விகிதம், தசமம் என்பன வடமொழிக் கணித சாஸ்திரத்தின் வாயிலாக வந்தன. அசல் என்பது அரபியிலும் சராசரி என்பது உருதுவிலும் இருந்து, அரசிறைக் கணக்கோடும் வாணிகக் கணக்கோடும் நம்மிடையே புகுந்தன. பகா எண், மாறி, சமன்பாடு, வடிவியல் போல்வன பள்ளிக்கூடத்தின் தேவைக்கென்றே பிற்காலத்து அறிஞர் வகுத்தன. இந்நான்கு படலங்களும் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன, அவற்றுள் சில சொற்கள் நிலைத்திருக்கச் சில மறைந்தொழிந்த காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு கணிதச் சொல் நிலைபெறுவது அதனைப் படைத்தவரின் புலமையாலும் அதன் மொழித் தூய்மையாலும் மட்டுமன்று. கணக்கிடும் முறையோடும் அன்றாட வியவகாரத்தோடும் அதற்குள்ள பந்தத்தின் வலிமையாலேயே என்பது இங்கே நிறுவப்பெறும்.

அளவைகளின் காலம்

தமிழில் எண்ணுப்பெயர்க்கும் அளவுப்பெயர்க்கும் உள்ள தொன்மையை நிறுவப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் எண்ணுப்பெயர்களும் அளவுப்பெயர்களும் நிறைப்பெயர்களும் புணரும் முறையை விரிவாக வகுத்துரைப்பதோடு, அரை என்னும் கூற்றுப்பெயர் பிற அளவுகளோடு சேருங்கால் நிகழ்வதையும் தனியே எடுத்துக் கூறுகின்றது. சோழர் காலத்துக்கு வருங்கால் இம்மரபு வியப்பூட்டும் நுட்பத்தை அடைந்துவிடுகின்றது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலப்பரப்பைக் குறிக்கும் கல்வெட்டுகளில், வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதன்மேலும் கீழ் என்னும் அடைபெற்ற பின்னங்களால் மேலும் மேலும் நுண்ணிய கூறுகள் சொல்லப்படுகின்றன.

இப்பின்னங்களின் அமைப்பைச் சற்றே நெருங்கிக் காண்பது இன்றியமையாதது. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி எனப்படும். இரண்டு முந்திரி கொண்டது அரைக்காணி, நான்கு கொண்டது காணி, எட்டு அரைமா, பதினாறு மா, இருபது மாகாணி அல்லது வீசம், நாற்பது அரைக்கால், எண்பது கால். முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி வரும்; அது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. முழுவெண்களை மேல்வாயிலக்கம் என்றும் இப்பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் பழைய கணக்கர் வழங்கினர்.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த பயன் யாதெனில், எல்லாப் பின்னங்களும் முந்திரி என்னும் ஒரே அடிநிலையில் நின்றமையால், இரண்டு பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப்பகுதி தேடவேண்டிய தொல்லை இல்லாமற்போயிற்று என்பதாம். அரைக்காலையும் மூன்று மாவையும் கூட்டுக என்றால், திண்ணைப் பள்ளியில் பயின்ற சிறுவன் நாற்பதையும் நாற்பத்தெட்டையும் சேர்த்து எண்பத்தெட்டு முந்திரி என்று கண்டு, அதனையே காலே அரைமா என்று சொல்லிவிடுவான். இன்றைய ஏழாம் வகுப்பு மாணாக்கரோ எட்டில் ஒன்றையும் இருபதில் மூன்றையும் எழுதி, எட்டுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு நாற்பது என்று கண்டு, தொகுதிகளை அதற்கேற்ப மாற்றி, நாற்பதில் பதினொன்று என்று விடை காண்பர். இரண்டு விடையும் ஒன்றே, வழிகள்தாம் வேறு. மீச்சிறு பொது மடங்கு என்னும் சொல் திண்ணைப் பள்ளியின் பின்னக் கணக்குக்கு வேண்டியிராமைக்குக் காரணம் அறியாமையன்று, அவர்கள் கைக்கொண்ட முறையில் அதற்கு வேலையில்லாமையே என்பது இதனால் தெளிவாகும்.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பகாக் காரணிகளாகக் கொண்ட எண்ணாதலின், ஒன்றை மூன்றாகவோ ஏழாகவோ பகுக்கவேண்டின், முந்திரியிலும் முடியாது, கீழ்முந்திரியிலும் முடியாது. எத்தனை படி இறங்கினும் ஓர் எச்சம் நின்றுகொண்டேயிருக்கும். நெல் அளப்பார்க்கும் நிலம் அளப்பார்க்கும் அவ்வெச்சம் ஒரு பொருட்டன்று. எந்த எண்ணையும் பகுதியாகக் கொள்ளும் பொதுப் பின்னத்தைக் கற்பிக்க முற்பட்ட புதிய பள்ளிக்கோ அது பெருந்தடையாயிற்று. தொகுதி, பகுதி என்னும் இரண்டு சொற்களும் பாடத்தில் இன்றியமையாதன ஆனமைக்கு மூலகாரணம் இதுவே.

சுவடியும் சாஸ்திரமும்

திண்ணைப் பள்ளியின் பாடத்திட்டத்தைச் சுவடிகளின் பெயர்களே நமக்கு அறிவிக்கின்றன. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் வரிசைப்படக் கற்பித்தது. நெல்லிலக்கம் தானிய முகத்தலளவைகளைக் கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளையும், குழிமாற்று ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கிவரும் பயனையும் கற்பித்தன. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலம் ஒரு குழியாதலின், பரப்பளவு என்னும் கருத்தும் வர்க்கம் என்னும் கருத்தும் அம்மாணாக்கர்க்கு ஒரு சொல்லிலேயே அடங்கியிருந்தன. இன்று அவ்விரண்டும் வெவ்வேறு பாடங்களில், வெவ்வேறு சொற்களில், ஒன்றையொன்று அறியாதன போலக் கற்பிக்கப்படுகின்றன.

இச்சுவடிகளுக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற செய்யுள் நூல்கள் துணைசெய்தன. நிலமும் பொன்னும் நெல்லும் பற்றிய கணக்குகளை வகைப்படுத்திக் கூறும் அந்நூல், வியவகாரக் கணக்கையும் விநோதக் கணக்கையும் ஒருங்கே கொண்டு விளங்குகின்றது. மறுபுறத்தே, 12ஆம் நூற்றாண்டில் லீலாவதியையும் பீஜகணிதத்தையும் இயற்றிய பாஸ்கராசாரியர் முதலியோரின் வடமொழி நூல்களைப் பயின்ற சோதிடர்களும் பண்டிதர்களும் வர்க்கமூலம், கனமூலம், திரைராசிகம், க்ஷேத்திரம் முதலிய பரிபாஷைகளைக் கையாண்டனர். 1822இல் சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துச் சுதேசக் கல்வியைப் பற்றி விசாரணை செய்யப் பணித்த காலத்திலும், ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணுமே கல்வியின் இருகண்களாக விளங்கின. ஆக, மேனாட்டுக் கணிதம் தமிழில் புகத் தலைப்பட்ட வேளையில் தமிழ் வெறுநிலமாய்க் கிடக்கவில்லை. அளவைச் சொற்களும் சாஸ்திரச் சொற்களும் ஏற்கனவே வேரூன்றியிருந்தன.

யாழ்ப்பாணத்து முயற்சி

மேனாட்டு முறைக் கணிதத்தைத் தமிழிற் சொல்லுதற்கு முதன்முதல் முயன்ற இடங்களுள் யாழ்ப்பாணம் தலைசிறந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்று ஆசிரியராகவும் விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் இவர் ஒருவர்.

பீஜம் என்னும் வடசொல்லைத் தமிழ் ஒலிக்கியைய வீசம் ஆக்கியது இலக்கண முறைக்கு ஒத்ததேயாயினும், பதினாறில் ஒரு பங்காகிய வீசத்தை நாள்தோறும் வழங்கிய மக்கட்கு அப்பெயர் வேறொரு பொருளையும் நினைவூட்டியிருத்தல் கூடும். பின்னர் இலங்கையில் எழுத்துகளைக் கொண்டு இயற்றப்படும் கணிதம் என்னும் கருத்தில் அட்சரகணிதம் என்ற பெயரும், தமிழகத்தில் இயற்கணிதம் என்ற பெயரும் நிலைபெற்றன. நூல் தோன்றுதல் ஒன்று, அதன் சொல் வழக்கிலே ஊன்றுதல் வேறொன்று என்பதற்கு இஃது ஓர் உதாரணம். மேலும், அக்காலத்திற்குப் பிறகு உயர்வகுப்புகளின் போதனாமொழியாக ஆங்கிலம் வலுப்பெற்றமையால், தமிழ்க் கணிதச் சொற்கள் ஆரம்பப் பள்ளியின் எல்லைக்குள்ளேயே நெடுங்காலம் அடங்கிக் கிடக்க நேர்ந்தது.

சொல்லாக்க இயக்கங்கள்

இந்நிலை மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1916இல் சேலத்தில் இராஜகோபாலாசாரியாரும் வேங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, சாஸ்திரங்களைத் தாய்மொழியிற் கற்பிப்பதற்கான சொற்களைத் திரட்டத் தொடங்கினர். அப்பொழுது தொடங்கிய விவாதத்தில் மூன்று கொள்கைகள் எதிரெதிராக நின்றன: உலகப் பொதுவான ஆங்கிலச் சொற்களையே தமிழெழுத்தில் எழுதலாம் என்பது ஒன்று, பாரத தேசமெங்கும் விளங்கும் வடமொழிச் சொற்களைக் கொள்ளலாம் என்பது மற்றொன்று, தமிழ் வேர்களிலிருந்தே புதுச்சொல் படைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றாவது கொள்கைக்கு வலிமை தந்தது திருநெல்வேலியில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம். இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் அயரா உழைப்பினால் அச்சங்கம் சொற்பட்டிகளைத் தொகுத்து, 1936இல் விபுலாநந்த அடிகளின் தலைமையில் சென்னையிற் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டது. கணிதம் முதலாகப் பல துறைகளுக்கும் உரிய ஏறத்தாழ 10,000 சொற்கள் அதில் இடம்பெற்றன. மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அடிகளார் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவராதலின், இப்பணிக்கு அவரினும் தக்கார் அரியர். 1940இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் மாகாண அரசாங்கம் அமைத்த குழு வடமொழிச் சார்புடையது என்று தமிழறிஞர் பலர் எதிர்த்துக் கிளர்ந்ததும் இக்காலத்து நிகழ்ச்சியே. பின்னர், கோயம்புத்தூரிலிருந்து 1948 முதல் வெளிவந்த கலைக்கதிர் என்னும் இதழும், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த கலைக்களஞ்சியமும் இச்சொற்களை ஏட்டிலிருந்து எடுத்து வாக்கியத்தில் அமைத்து உலவவிட்டன.

இவ்வியக்கங்களின் பலனைச் சொற்களைக் கொண்டே அளக்கலாம். க்ஷேத்திரகணிதம் வடிவியல் ஆயிற்று; சமீகரணம் சமன்பாடாயிற்று; தமிழகத்தில் சமாந்தரம் இணையாயிற்று. ஆனால் வர்க்கம், கோணம், விகிதம், தசமம், சராசரி என்பன அசையாமல் நின்றன. தமிழாக்கத்தில் ஆர்வம் குறைந்தமையால் இவை நின்றன என்று கருதுதல் பொருந்தாது. இவை பல தலைமுறைகளாகக் கணக்கிலே வழங்கி, வர்க்கமூலம், விகிதசமம், முக்கோணம், தசமபின்னம் எனக் குடும்பம் குடும்பமாகக் கிளைத்துவிட்டமையின், ஒன்றைப் பெயர்க்கப் பத்தைப் பெயர்க்கவேண்டியிருந்தது. புதுச்சொற்களுள்ளும் அவ்வாறு கிளைக்கவல்லனவே வென்றன. மாறி என்ற சொல்லோடு மாறிலி என்பதும், பகு எண் என்பதோடு பகா எண் என்பதும் பிறந்தமையால், ஒன்றைக் கற்ற மாணாக்கர் மற்றதனை வினவாமலே உணர்கின்றனர்.

நாணயம் மாறியதும் சொல் மாறியதும்

அறிஞர் குழு எதுவும் விலக்காத சொற்களை ஒரு நாணயச் சட்டம் விலக்கிவிட்ட செய்தி இவ்வாராய்ச்சியில் சிறப்பாகக் கருதத்தக்கது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில், ரூபாயில் வீசம் ஓர் அணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா என்று பழைய கீழ்வாயிலக்கம் நாணயத்தோடு பழுதின்றிப் பொருந்திநின்றது. 1957 ஏப்பிரல் முதல் தேதியன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அதனை யடுத்து மெட்ரிக் நிறைகளும் அளவைகளும் படிப்படியாக வந்தன. வீசமும் மாகாணியும் கடைத்தெருவில் தம் வேலையை இழந்தன. வேலையிழந்த சொற்கள் பாடப்புத்தகத்திலும் இடமிழந்தன. தசமம், சதவீதம் என்னும் சொற்களோ முன்னிலும் பன்மடங்கு வலிமை பெற்றன. இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் மக்கள் நெடுநாள் வழங்கிவந்தமை, பயன்பாட்டில் வேர்கொண்ட சொல் எளிதில் சாகாது என்பதற்குச் சான்றாகும்.

இரு கரைகளின் வழக்கு

தமிழகமும் இலங்கையும் தனித்தனியே பாடநூல்களை ஆக்கியமையின், ஒரே கருத்துக்கு இருவேறு தமிழ்ச் சொற்கள் நிலவுகின்றன. தமிழகத்தில் வட்டத்தின் ஆரம் என்பது இலங்கையில் ஆரை. இங்கே கர்ணம் அங்கே செம்பக்கம். இங்கே கணம் அங்கே தொடை. இங்கே முகடு அங்கே ஆகாரம். இங்கே மீச்சிறு பொது மடங்கு அங்கே பொது மடங்குகளுட் சிறியது. இவற்றுள் செம்பக்கம் போன்ற சொற்கள் தமிழகத்தாரும் விரும்பிக் கொள்ளத்தக்க வனப்புடையன. பொது மடங்குகளுட் சிறியது என்பதோ சொல்லிலேயே இலக்கணத்தை அடக்கியது, ஆகவே முதன்முறை கேட்கும் சிறுவர்க்கும் விளங்குவது. அவ்வாறே தமிழகத்துப் பகா எண் என்பது, வேறெண்ணால் பகுபடாமை என்னும் இயல்பைப் பெயரிலேயே காட்டுதலின், இலங்கையில் வழங்கும் முதன்மை எண் என்பதினும் கற்பித்தலுக்கு உகந்தது. விட்டம், நாண், பரிதி, சரிவகம், இணைகரம் முதலிய பல சொற்கள் இரு கரைக்கும் பொதுவாக இருத்தலை நோக்க, வேறுபாடு களையமுடியாத அளவினது அன்று என்பதும் தெளிவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவதாக, நடுநிலை வகுப்பின் கணிதச் சொற்களைப் பொருளறியா மனப்பாடமாகக் கற்பித்தல் அவற்றின் வரலாற்றுக்கே முரணானது. முறை மாறியபோது சொல் மாறிற்றாதலின், முறையைக் காட்டிய பிறகே சொல்லை அளித்தல் தகும். முந்திரிக் கணக்கில் மூன்றிலொரு பங்கு முடியாமையைக் காட்டிய ஆசிரியர்க்கு, பொதுப் பின்னமும் பொது மடங்கும் எதற்கு என்று தனியே விளக்கவேண்டிய அவசியம் நேராது. இரண்டாவதாக, வர்க்கம் என்பதைப் பரப்பிலிருந்தும், வடிவியலை நிலத்தை அளப்பதிலிருந்தும் தொடங்கிய பழைய பள்ளியின் நெறி, புதிய சொற்களோடும் கைக்கொள்ளத்தக்கது. மூன்றாவதாக, தமிழக, இலங்கைப் பாடநூலார் ஒருங்குகூடி, நடுநிலை வகுப்புக்குரிய அடிப்படைச் சொற்களுக்கேனும் இரு வழக்குகளையும் அருகருகே தரும் ஒரு பொது அகராதியை ஆக்குதல் வேண்டும். சேலத்திலும் நெல்லையிலும் வட்டுக்கோட்டையிலும் உழைத்த பெரியோர் சொற்களை மட்டும் தேடினார் அல்லர். தமிழ்ச் சிறுவர் தம் மொழியிலேயே நுண்ணிதிற் சிந்திக்கவேண்டும் என்று விழைந்தனர். அவ்விழைவு நிறைவேறும் இடம் சொற்பட்டியன்று, வகுப்பறை. அங்கே ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய கணக்கோடு சேர்த்துத் தருதலே ஆசிரியர் கடனாகும்.