சோழியில் சுழன்ற சந்திரன்

சாரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாள் இரவு என் தங்கை மகன் கைபேசியைத் திறந்தான். உள்ளங்கையளவு ஆகாயம் ஒன்று அதில் எழுந்தது. விரலால் காலத்தைத் தள்ளினான். நாள்கள் ஓடின, சந்திரன் தேய்ந்தது, வளர்ந்தது, கிரகணத்தில் மறைந்தது. "எப்படியடா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது மாமா, சரியாகக் காட்டும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய இதே பதிலை எங்கள் ஊர் ஒருமுறை சரித்திரத்தில் ஏற்றிவிட்டது.

சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் ஜான் வாரன். புதுச்சேரியில் அவர் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். காகிதமில்லை, எழுதுகோலில்லை. சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார்! அட்டவணைகளெல்லாம் அவருடைய மனத்தில் இருந்தன.

அந்த வித்தைக்கு வாக்கியம் என்று பெயர். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலகும் சுற்று ஒன்பது முறை நிறைய ஏறக்குறைய 248 நாள்கள் ஆகும். ஆகவே நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். பாட்டுப்போல நெட்டுருப் போட்டுவிட்டால், சந்திரனின் நடை முழுவதும் தலைக்குள் அடக்கம். சோழிப் பையை மடியில் கட்டிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம்.

வாரன் 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில் இதை வியந்து எழுதினார். கூடவே, அவருக்குச் சாஸ்திரத்தின் தத்துவம் ஒன்றும் தெரியாது என்றும் எழுதிவைத்தார். கணிப்பில் பிசகும் இருந்தது: கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52.

ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் இதே ஊரில் வேறொரு கதை நடந்தது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்தி, 1769 ஜூனில் மேகம் மறைத்து ஏமாந்தார். காத்திருந்த காலத்தில் தமிழரிடம் கணக்குக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் பெயர்பெற்ற மேயர் அட்டவணை 68 விநாடி அதிகம்!

ஒருமுறை விநாடிக் கணக்கில் வென்ற முறை, மற்றொரு முறை நிமிஷக் கணக்கில் தவறியது ஏன்? ஒரு கிரகணத்தின் வெற்றியில் தற்செயலுக்கும் பங்குண்டு. மூல எண்கள் பழையவை. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் மனப்பாடம் பிசகையும் சேர்த்தே காப்பாற்றும். ஐரோப்பியர் தங்கள் அட்டவணைகளை மீண்டும் மீண்டும் திருத்தினார்கள். வித்தியாசம் அறிவில் அல்ல, அந்தப் பழக்கத்தில்தான்.

தத்துவம் தெரியாதவர் என்று அந்தப் புதுச்சேரிக்காரரை எளிதாகச் சொல்லிவிடலாம். என் மருமகனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவராவது 248 வாக்கியங்களைத் தலையில் சுமந்தார். நாங்கள் கைபேசியை மட்டுமே சுமக்கிறோம்.

"அடுத்த கிரகணத்தன்று என்னைக் கூப்பிடு, கடிகாரத்தோடு வருகிறேன்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.